டபுள்ஸ் லீக் நடத்த ஐடிஎஃப் விதிப்புத்தகம் போதுமா? வேலூர் டென்னிஸ் கோர்ட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

பொருள்: சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் வெளியிடும் டென்னிஸ் விதிப்புத்தகம்.
விலை: இலவசம். ஐடிஎஃப் இணையதளத்திலிருந்து பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.
யாருக்கு: காட்பாடி, சத்துவாச்சாரி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஆறேழு அணிகளைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலையில் டபுள்ஸ் லீக் நடத்தக் கிளம்பும் கேப்டன்களுக்கு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பந்து எங்கே விழுந்தால் என்ன, யார் எப்போது சர்வ் செய்ய வேண்டும், தப்பாகச் செய்துவிட்டால் எப்படிச் சரிக்கட்டுவது ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல புத்தகம் கிடையாது. ஆனால் உள்ளூர் லீக்குகள் பெரும்பாலும் கோட்டில் பட்ட பந்தால் உடைவதில்லை. எந்த ஜோடியை முதல் ஜோடி என்று எழுதிக் கொடுத்தார்கள், இருபது நிமிடம் கழித்து வந்தவரை ஆடவிடலாமா, வாக்-ஓவருக்கு (எதிரணி வராமல், ஆடாமலே கிடைக்கும் வெற்றிக்கு) எத்தனை கேம் கணக்கு, புது பந்து யார் வாங்குவது போன்ற விஷயங்களில்தான் மனக்கசப்பு வருகிறது. இவற்றில் ஒன்றைப் பற்றியும் புத்தகம் வாய் திறக்காது. அதைக் குறை என்று சொல்ல முடியாது. ஒரு புள்ளியை எப்படி ஆடுவது என்பதுதான் அதன் பொறுப்பு, ஒரு சீசனை எப்படி நடத்துவது என்பது அல்ல. எனவே புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, கூடவே இரண்டு பக்கத்தில் உள்ளூர் விதித்தாள் ஒன்றையும் போட வேண்டும். அந்த இரண்டு பக்கத்தில் என்ன வர வேண்டும் என்பதைப் பின்பாதியில் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. கிளப் அலமாரியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ கிடக்கும் பழைய பிரதியை நம்ப வேண்டாம். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 20 நொடி என்று பழைய பதிப்பில் இருக்கும், இப்போது 25. ஆட்டத்தின் நடுவே யோசனை சொல்லலாமா என்பதைப் பற்றிய 30-ஆம் விதியும் 2025 ஜனவரியிலிருந்து மாறிவிட்டது. கோர்ட்டுக்கு வெளியிலிருந்து யோசனை சொல்வதை அனுமதிப்பதா இல்லையா என்பதைப் போட்டி நடத்துபவரே முடிவு செய்யலாம். ஆகவே லீக் தாளில் இதற்கு ஒரு வரி கட்டாயம் வேண்டும். பழைய ஏற்பாடு அணிப் போட்டிக்கு நன்றாகவே பொருந்தியது: கேப்டன் பக்கம் மாறும்போதும் செட் முடிவிலும் பேசலாம், செட்டின் முதல் கேம் முடிந்து மாறும்போதும் டை-பிரேக்கிலும் (செட் 6-6 என்று நின்றால் ஆடும் தீர்மான கேம்) பேசக் கூடாது. அதையே வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். வேலியோரம் நிற்கிற எட்டுப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னால் ஆடுகிறவருக்குத் தலை சுற்றும்.

புத்தகத்தில் மொத்தம் 31 விதிகள். லீக் கேப்டன் இதை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படிக்கத் தேவையில்லை. 13, 14, 15, 24, 26, 27, 29 ஆகிய ஏழையும், பின்னிணைப்பில் உள்ள மாற்று ஸ்கோர் முறைகளையும் படித்தால் முக்கால்வாசிச் சண்டை தீர்ந்தது. பந்து, ராக்கெட்டின் அளவுகளைச் சொல்லும் பக்கங்களைத் தாண்டிப் போகலாம். கோர்ட் அளவில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வலையின் நடுவுயரம் 3 அடி, அதாவது 91.4 செ.மீ. ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்கே வைத்து அளக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இன்றைய பெரிய தலை ராக்கெட்டில் அது ஓர் அங்குலம் தப்பும். தையற்காரர் டேப் ஒன்று பையில் கிடந்தால் போதும். சிங்கிள்ஸ் ஆடியவர்கள் வலைக்கு முட்டுக் கொடுத்த குச்சிகளை எடுக்காமல் போயிருந்தால், டபுள்ஸுக்கு முன் எடுத்துவிட வேண்டும். இருந்தால் ஓரங்களில் வலை உயர்ந்து நிற்கும், ஆலிக்குள், அதாவது டபுள்ஸுக்கு மட்டும் உரிய ஓரப் பட்டைக்குள், அடிக்கிற ரிட்டர்ன் எல்லாம் வலையில் மாட்டும்.

புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி 27-ஆம் விதி, தவறுகளைத் திருத்துவது. டபுள்ஸில் நான்கு பேர் நிற்பதால் வரிசை குழம்புவது சகஜம். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அதைக் கவனிப்பதே மூன்றாவது கேமில்தான். அடிப்படை ஒன்றுதான்: அதுவரை ஆடிய புள்ளிகள் நிற்கும், எதையும் அழிக்கக் கூடாது. அதற்கு மேல், எந்த வகைத் தவறு என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். இங்கேதான் அனுபவசாலிகளே தப்பு விடுகிறார்கள்.

சர்வ் முறை தப்பினால், அதாவது குமார் போட வேண்டிய கேமில் அவருடைய ஜோடியான செல்வம் போட்டுக்கொண்டிருந்தால், தெரிந்த நிமிடமே குமாரிடம் பந்தைக் கொடுக்க வேண்டும். 30-15 என்று இருந்தால் அதே 30-15-லிருந்து குமார் தொடர்வார். செல்வம் அந்தப் புள்ளியில் ஏற்கெனவே ஒரு ஃபால்ட் (தவறிய சர்வ்) போட்டிருந்தால் அந்த ஃபால்ட் நிற்கும், குமாருக்கு இரண்டாவது சர்வ்தான். எதிரணிக்காரரே முறை தப்பிப் போட்டிருந்தால் மட்டும் அந்த ஃபால்ட் நிற்காது. கேம் முடிந்த பிறகு தெரிந்தால் எதையும் மாற்றக் கூடாது. மாறிய வரிசையே செட் முடியும்வரை வரிசை.

ரிட்டர்ன் பக்கம் மாறிவிட்டால் கதை வேறு. டியூஸ் கோர்ட்டில் (வலப்பாதி) வாங்க வேண்டியவர் ஆட் கோர்ட்டில் (இடப்பாதி) நிற்கிறார் என்று கேமின் நடுவே தெரிந்தால், அந்த கேம் முடியும்வரை தப்பாகவே நிற்க வேண்டும். அடுத்து அந்த அணி ரிட்டர்ன் செய்யும் கேமில் பழைய இடத்துக்குப் போக வேண்டும். சர்வுக்கு உடனே திருத்தம், ரிட்டர்னுக்கு கேம் முடிந்த பிறகு திருத்தம். இந்த ஒரு வித்தியாசத்தை லீக் தாளின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். டை-பிரேக்கில் சர்வ் முறை தப்பினால் எண்ணிக்கைதான் தீர்ப்பு. முடிந்த புள்ளிகளின் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்றால் உடனே திருத்தம். ஒற்றைப்படை என்றால் மாறிய வரிசை அப்படியே தொடரும்.

ஜோடிக்குள் யார் முதலில் சர்வ், யார் எந்தப் பக்கம் ரிட்டர்ன் என்பதை ஒவ்வொரு செட்டின் தொடக்கத்திலும் மாற்றலாம். பலருக்கு இது தெரியாது. மூன்றாவது செட்டுக்குப் பதில் ஆடும் பத்துப் புள்ளி டை-பிரேக்கின் தொடக்கத்திலும் இதே உரிமை உண்டு.

டபுள்ஸுக்கே உரிய இன்னும் மூன்று. ஒரே ரிட்டர்னில் ஜோடி இருவரின் ராக்கெட்டும் பந்தைத் தொட்டால் புள்ளி போச்சு. இருவர் ராக்கெட்டும் ஒன்றோடொன்று முட்டி, பந்தை ஒருவர்தான் தொட்டார் என்றால் ஆட்டம் தொடரும். சர்வ் செய்த பந்து தன் ஜோடியின் முதுகில் பட்டால் ஃபால்ட். அதே பந்து தரையில் விழுமுன் எதிரே வலையருகில் நிற்கும் ரிட்டர்னரின் ஜோடி மேல் பட்டால், அது அவுட் போகிற பந்தாகவே இருந்தாலும், புள்ளி சர்வ் செய்தவருக்கு. இந்தக் கடைசி விதியைக் கேட்டு முகம் சிவக்காதவர் குறைவு. ஆனால் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

13-ஆம் விதி நம் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கும். நிழலுக்காக வளரவிட்ட வேப்பமரக் கிளை கோர்ட்டின் மேல் நீண்டிருந்தால் அதுவும் நிலையான பொருள்தான். விளக்குக் கம்பமும் அப்படியே. லாப், அதாவது உயரத் தூக்கி, அடித்த பந்து தரையில் விழுமுன் கிளையில் பட்டால், அடித்தவருக்குப் புள்ளி போச்சு. மறுபடி ஆடுவது கிடையாது. கிளையை வெட்டுவதா வேண்டாமா என்பதைச் சீசனுக்கு முன்பே பேசி முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது லைன் கால். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. நடுவர் இல்லாத டென்னிஸையும் அதில் சேர்த்துவிடலாம். அமெச்சூர் லீக் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்துக்கு இந்தப் பக்கத்தவரே பொறுப்பு. அவுட் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், உடனே, சத்தமாகச் சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் பந்து உள்ளேதான். ஜோடியில் ஒருவர் அவுட் என்று கையைத் தூக்கி மற்றவர் உள்ளே என்றால், பந்து உள்ளே என்றே கணக்கு. இந்தக் கடைசி வரி அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் நடத்தை விதிகளில் தெளிவாக இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அவுட் என்று சொல்லிவிட்டு, ‘இல்லை, உள்ளேதான்’ என்று திருத்திக்கொண்டால் என்ன செய்வது? இதில் இரண்டு மரபுகள். அமெரிக்க முறையில் சொன்னவருக்குப் புள்ளி போகும். ஐடிஎஃப் முறையில் முதல் தடவை மறுபடி ஆடலாம், ஆனால் அது எதிராளி எப்படியும் ஜெயித்திருக்கக்கூடிய அடியாக இருக்கக் கூடாது. இரண்டாம் தடவை புள்ளி போச்சு. உள்ளூர் லீக்குக்கு அமெரிக்க முறையே மேல். ‘எடுத்திருக்க முடியுமா முடியாதா’ என்று ஒரு தனி விவாதம் கிளம்பாது.

ஸ்கோர் மறந்துபோனால், இருவரும் ஒப்புக்கொள்ளும் புள்ளிகள் எல்லாம் நிற்கும், தகராறில் உள்ளவற்றை மட்டும் திரும்ப ஆடலாம். ஒவ்வொரு முதல் சர்வுக்கு முன்பும் சர்வ் செய்பவர் எதிராளிக்குக் கேட்கும்படி ஸ்கோரைச் சொன்னால் இந்த நிலையே வராது. சொல்லாமல் ஆடுவது நம் பக்கத்துக் கெட்ட பழக்கம்.

‘விடு விடு, அவுட்!’ என்று ஜோடி கத்துவதும் அடிக்கடி பிரச்சினையாகிறது. பந்து தன் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது ஜோடிக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அடித்த பந்து எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது பேசினால் அது 26-ஆம் விதியில் சொல்லும் இடையூறாகலாம். வேண்டுமென்றே செய்த இடையூறுக்குப் புள்ளி போகும், தெரியாமல் நடந்தால் லெட். பக்கத்துக் கோர்ட்டிலிருந்து உருண்டு வரும் பந்தும் லெட்தான். புள்ளி முழுவதையும் திரும்ப ஆட வேண்டும், அதாவது முதல் சர்வ் மறுபடி கிடைக்கும்.

பின்னிணைப்பிலுள்ள மாற்று ஸ்கோர் முறைகளை வெறும் துணைப்பகுதி என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். வேலூருக்கு உயிர்நாடி அதுதான். ஏப்ரல் பாதியிலிருந்து காலை எட்டரைக்கு மேல் சிமென்ட் கோர்ட்டில் நிற்பது தண்டனை. கத்திரி தொடங்கிவிட்டால் எட்டு மணியே அதிகம். ஆறு மணிக்குத் தொடங்கினாலும் கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். பெரும்பாலான இடங்களில் இரண்டு கோர்ட். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். அணிக்கு மூன்று ஜோடி, ஒவ்வொரு ஆட்டமும் மூன்று செட்டில் இரண்டு என்று வைத்தால் ஓர் ஆட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தொடும். மூன்றாவது ஜோடி கோர்ட் காலியாகும்வரை காத்திருந்து ஏழரைக்கு இறங்கும், ஒன்பது மணி வெயிலில் முடிக்கும். அந்த ஜோடியில் எப்போதும் வயதானவர்களைத்தான் போட்டிருப்பார்கள் என்பது தனி வேடிக்கை.

நேரம் குறைக்கும் முறைகளில் எங்கள் வரிசை இது. மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக்: நல்லது, எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் முதல் இரண்டு செட்டின் நீளத்தைக் குறைக்காது. நான்கு கேம் குறுஞ்செட்: விறுவிறுப்பு உண்டு, ஆனால் ஒரே ஒரு சர்வ் உடைந்தால் (தான் சர்வ் செய்த கேமை இழந்தால்) செட் போய்விடும், பலமில்லாத அணிக்கு மீள வாய்ப்பில்லை. எட்டு கேம் ஒற்றைச் செட்: ஐம்பது நிமிடத்தை ஒட்டி முடியும், லீக்குக்கு மிகப் பொருத்தம். இதோடு நோ-ஆட் சேர்த்தால் இன்னும் சுருங்கும். நோ-ஆட்டில் டியூஸ் (40-40) வந்ததும் ஒரே புள்ளிதான், எந்தப் பக்கம் வாங்குவது என்பதை ரிட்டர்ன் அணி தேர்ந்தெடுக்கும். பக்கத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம், ஆள் இடம் மாறக் கூடாது. வலப்பக்கம் வாங்குபவர் அந்த ஒரு புள்ளிக்காக இடப்பக்கம் போய் நிற்பது தவறு. கலப்பு இரட்டையர் என்றால் தேர்வே கிடையாது: சர்வ் செய்வது ஆண் என்றால் ஆண், பெண் என்றால் பெண் வாங்க வேண்டும்.

பின்னிணைப்பில் ஒளிந்துகிடக்கும் ஒரு முத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. டை-பிரேக்கில் வழக்கமாக ஆறு புள்ளிக்கு ஒரு முறை பக்கம் மாறுகிறோம். மாற்றுமுறையில் முதல் புள்ளி முடிந்ததும் மாறி, பிறகு நான்கு புள்ளிக்கு ஒருமுறை மாற வேண்டும். இதில் என்ன லாபம்? டபுள்ஸில் ஒற்றைப்படை கேமுக்குப் பக்கம் மாறுவதால், ஒரு செட் முழுக்க ஒவ்வொருவரும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் செய்கிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புரியும். அதனால்தான் கிழக்கு மேற்காகப் போட்ட கோர்ட்டில் சூரியனைப் பார்த்து யார் சர்வ் போடுவது என்று ஜோடி முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறது, இடக்கை ஆட்டக்காரர் இருந்தால் அவருக்குக் கண்ணில் படாத முனையைத் தருகிறது. வழக்கமான டை-பிரேக் வந்ததும் அந்தக் கணக்கு கலைந்து, செட் முழுக்க நிழல் முனையில் போட்டவர் 2-1 என்ற கட்டத்தில் வெயிலைப் பார்த்துப் பந்தைத் தூக்குவார். மாற்றுமுறையில் கடைசிப் புள்ளி வரை அவரவர் முனை அவரவருக்கே. கோர்ட் வடக்கு தெற்காக இருந்தால் இதற்குப் பெரிய அவசியமில்லை. ஆனால் மனையின் வாட்டத்துக்குப் போட்ட கோர்ட்டுகள் நம் பக்கம் நிறைய.

இனி, புத்தகம் தொடாத பகுதி.

பெரிய தலைவலி ஜோடி வரிசை, அதாவது எதிரணியின் முதல், இரண்டாம், மூன்றாம் ஜோடிகளோடு நம்மில் யார் யார் மோதுவது என்பது. முதல் ஜோடியாக வலுவில்லாத இருவரைப் பலிகொடுத்து, இரண்டிலும் மூன்றிலும் பலசாலிகளை இறக்கி 2-1 என்று அடித்துப் போகிற தந்திரம் எல்லா ஊரிலும் உண்டு. ‘பலத்தின்படி வரிசை’ என்று மட்டும் தாளில் எழுதினால் பயனில்லை, யார் பலசாலி என்று யார் சொல்வது? இரண்டு வழிகள் வேலை செய்யும். ஒன்று, சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு அணியும் தன் எட்டுப் பேரை 1 முதல் 8 வரை வரிசைப்படுத்திக் கொடுத்துவிட வேண்டும். ஜோடியின் எண்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை முதல் ஜோடி. 1-ம் 6-ம் சேர்ந்தால் 7, 2-ம் 3-ம் சேர்ந்தால் 5, எனவே இரண்டாவது சொன்ன ஜோடிதான் முன்னே. தொகை சமமானால் கேப்டன் விருப்பம். இதிலும் ஓட்டை இருக்கிறது: ஆரம்பப் பட்டியலையே பொய்யாகக் கொடுக்கலாம். மூன்று சுற்று முடிந்ததும் எல்லாக் கேப்டன்களும் கூடிப் பட்டியலை ஒருமுறை திருத்தலாம் என்று வைத்தால் அது ஓரளவு அடைபடும்.

இரண்டாவது வழி இதைவிட எளிது, எங்களுக்கு அதுதான் பிடிக்கும். வரிசையே வேண்டாம். இந்த அணியின் ஒவ்வொரு ஜோடியும் அந்த அணியின் ஒவ்வொரு ஜோடியோடும் ஆட வேண்டும். இங்கிலாந்தின் கவுன்டி அணிப் போட்டிகளில் மூன்று ஜோடி வீதம் ஒன்பது ஆட்டம் ஆடுவது இந்த முறைதான். ஒன்பது ஆட்டத்துக்கு நம்மிடம் நேரமும் இல்லை, கோர்ட்டும் இல்லை. இரண்டு ஜோடி, நான்கு ஆட்டம், ஒவ்வொன்றும் ஒரே செட், இரண்டு கோர்ட்டிலும் ஒரே நேரத்தில். முதல் சுற்று நாற்பத்தைந்து நிமிடம், எதிராளியை மாற்றி இரண்டாம் சுற்று நாற்பத்தைந்து நிமிடம். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழே முக்காலுக்கு எல்லோரும் இட்லிக் கடையில். ஒளித்துவைக்க எதுவும் இல்லாததால் தந்திரத்துக்கும் வழியில்லை.

நான்கு ஆட்டம் என்பதால் 2-2 வரும். அப்போது மொத்த கேம்களை எண்ண வேண்டும். 6-4, 3-6, 6-2, 4-6 என்று முடிந்தால் ஆட்டம் 2-2, கேம் 19-18, முதல் அணி வெற்றி. கேமும் சமமானால் ஆளுக்கொரு ஜோடியை அனுப்பி ஒரு பத்துப் புள்ளி டை-பிரேக். அந்த ஜோடி அன்று ஆடிய நால்வரில் இருவராக இருக்க வேண்டும், ஏற்கெனவே ஆடிய ஜோடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று எழுதிவிடுங்கள். இதை எழுதாமல் விட்டால் வெளியே நிற்கும் புது ஆளைக் கடைசியில் இறக்கிவிடுவார்கள்.

தாமதத்துக்கு அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் தண்டனை அட்டவணை கைகொடுக்கும். 5 நிமிடம் வரை தாமதம் என்றால் டாஸும் 1 கேமும் போகும். 10 வரை டாஸும் 2 கேமும், 15 வரை டாஸும் 3 கேமும். அதைத் தாண்டினால் வாக்-ஓவர். ஒரே செட் ஆட்டத்துக்கு 3 கேம் பாதி மரணம்தான், ஆனாலும் குறைக்க வேண்டாம். ஆம்பூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் வருகிற அணி ஐந்தேமுக்காலுக்குக் கோர்ட்டில் நிற்கும், காந்தி நகரில் குடியிருப்பவர் ஆறே காலுக்கு வருவார். இதுதான் வழக்கம். யாருடைய கைக்கடிகாரம் என்ற தகராறு வராமல் இருக்க, கைபேசி நேரமே நேரம் என்று ஒரு வரி போதும்.

வாக்-ஓவரைப் புள்ளிப் பட்டியலில் 6-0 என்று பதிவது பழக்கம். சீசன் முடிவில் இரண்டு அணி சமநிலையில் நின்று கேம் வித்தியாசம் பார்க்கும்போதுதான் இதன் விஷம் தெரியும். ஆள் இல்லாத அணியிடம் ஆடாமலே 24-0 வாங்கியவர், அதே அணியை வியர்வை சிந்தி 24-13 என்று ஜெயித்தவரை முந்திவிடுவார். வெற்றியை மட்டும் கொடுத்துவிட்டு, கேம் கணக்கில் வாக்-ஓவரைச் சேர்க்காமல், ஆடிய கேம்களில் ஜெயித்தது எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே நியாயம். இரண்டே அணி சமம் என்றால் அவர்கள் நேருக்கு நேர் ஆடிய முடிவே முதல் அளவுகோல். சதவீதம் அதற்குப் பிறகு. பாதி சீசனுக்குள் ஓர் அணி விலகினால் அதன் முடிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பாதியைத் தாண்டி விலகினால் ஆடியவை நிற்கட்டும், மீதி வாக்-ஓவர்.

யார் ஆடலாம் என்ற வரியை மாவட்டப் பெயரை வைத்து எழுதாதீர்கள். ‘வேலூர் மாவட்டத்தில் வசிப்பவர்’ என்ற பழைய வாசகம் 2019-க்குப் பிறகு ராணிப்பேட்டையையும் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் வெளியே தள்ளிவிடுகிறது, மாவட்டம் மூன்றாகிவிட்டது. ‘பழைய வட ஆற்காடு’ என்று போட்டால் 1989-க்கு முந்தைய கணக்கில் திருவண்ணாமலையும் உள்ளே வரும். ஊர்களின் பெயரையே பட்டியலிடுங்கள். கிளப் மார்க்கர் (உறுப்பினர்களோடு ஆடச் சம்பளத்துக்கு இருப்பவர்), பயிற்சியாளர், பல்கலைக்கழக அணியில் ஆடும் மாணவர் ஆகியோருக்கும் தனி வரி வேண்டும். அணிக்கு ஒருவர், அவர் ஜோடியாகச் சேர்பவர் பட்டியலில் 5-ஆம் இடத்துக்குப் பின்னால் உள்ளவர் என்று வைத்தால் எல்லோரும் ஆடலாம், ஆட்டமும் ஒருதலையாகாது. அரையிறுதியில் ஆட வேண்டுமானால் லீக்கில் குறைந்தது இரண்டு மோதலில் ஆடியிருக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். இல்லையேல் கடைசி வாரம் சென்னையிலிருந்து ஆள் இறங்குவார்.

அணிக்கு நால்வர் போதாது, எட்டுப் பேர் வேண்டும். சிஎம்சி மருத்துவமனையிலும், ராணிப்பேட்டை பெல் ஆலையிலும், தோல் தொழிற்சாலைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிப்ட் மாறும். ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை அல்ல. தேதி மாற்றம் கேட்பதானால் 72 மணி நேரம் முன்பு, சீசனுக்கு ஒரு தடவை, ஏழு நாளுக்குள் ஆடி முடிக்க வேண்டும்.

பந்து. ஒரு கோர்ட்டுக்கு ஒரு புது டின், மூன்று பந்து, சொந்தக் கோர்ட்டில் ஆடும் அணி கொண்டுவர வேண்டும். நான்கு ஆட்ட முறையில் இரண்டு டின்னே இரண்டு சுற்றுக்கும் போதும். சொரசொரப்பான சிமென்ட்டில் இரண்டு செட்டுக்கு மேல் தாங்காது, மொட்டையாகிவிடும். எக்ஸ்ட்ரா டியூட்டி என்று டின்னில் அச்சிட்டிருப்பதை வாங்கினால் ரோமம் சற்று நிற்கும். எந்த பிராண்ட், எந்த ரகம் என்பதைச் சீசனுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். காரின் டிக்கியில் மத்தியானம் முழுக்கக் கிடந்த டின்னை அப்படியே திறக்காதீர்கள். சூடேறிய பந்து தலைக்கு மேல் எகிறும். புத்தகத்தின் தீர்ப்பு ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஆட்டத்தின் நடுவே பந்து உடைந்தால் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடலாம், வெறுமனே காற்று இறங்கி மெத்தென்றிருந்தால் புள்ளி நிற்கும், அடுத்த புள்ளிக்குப் பந்தை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மதிலுக்கு அப்பால் போன பந்துக்குப் பதிலாகப் புதுப் பந்தை நுழைக்காமல், ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த ஒன்றைத் தேடி எடுப்பது முறை.

மழையால் நின்ற ஆட்டம் அதே ஸ்கோர், அதே சர்வர், அதே முனையிலிருந்து தொடரும். ஐப்பசி, கார்த்திகையில் லீக் வைப்பவர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். நின்ற இடத்தில் ஸ்கோர், சர்வ் முறை, யார் எந்த முனை ஆகிய மூன்றையும் தாளில் எழுதி இரு கேப்டனும் கையெழுத்துப் போட வேண்டும். வெயிலுக்கும் இதே ஏற்பாடு: எட்டரைக்கு மேல் புது ஆட்டம் தொடங்கக் கூடாது. 29-ஆம் விதி பக்கம் மாற 90 நொடி, செட் முடிவில் 120 நொடி தருகிறது. ஏப்ரல், மே, ஜூனில் பக்கம் மாறும் நேரத்தை இரண்டு நிமிடம் என்று லீக் தாளில் உயர்த்திக்கொள்ளலாம். களைப்புக்கும் தசைப்பிடிப்புக்கும் மேற்கொண்டு நேரம் கேட்டால் புத்தகம் தராது, சிகிச்சை செய்யக்கூடிய உடல்நலக் கோளாறுக்கு மட்டும் ஒருமுறை மூன்று நிமிடம். இந்த ஓர் இடத்தில் புத்தகத்தோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பாதிப்பேர் ஆடும் லீக்கில், தலை சுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார வைத்து, மாற்று ஆளை அதே ஸ்கோரிலிருந்து இறக்க அனுமதித்துவிடுங்கள்.